கீரிப்பாறைக் காட்டில் தாசையனின் சைக்கிளும் என் கால்களும்

நான் எழுதப் படிக்கக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு வரி முடியும்போதும் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இந்தப் பயணம் சந்தோஷத்தில் தொடங்கவில்லை, பொறாமையில்தான் தொடங்கியது.

என் மனைவியின் தம்பி தாசையனுக்கு, துபாயில் இருக்கும் அவன் மகன் கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். அதன் பிறகு ஞாயிறு ஆராதனை முடிந்தால் கோயில் முற்றத்தில் அவன் சைக்கிள் கதைதான். சுற்றி நின்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு ஞாயிறாவது என் கதையைக் கேட்க வேண்டும். அதற்காகவே நேற்று, வெள்ளிக்கிழமை, அவனோடு காட்டுக்குப் போனேன்.

பூதப்பாண்டியில் காலை ஆறரைக்கு நான் பஸ் ஏறினேன். இருபது ரூபாய். தாசையன் சைக்கிளில் வந்தான். கீரிப்பாறை வனத்துறைச் சோதனைச்சாவடியில் ஆளுக்கு ஐம்பது ரூபாய், சைக்கிளுக்குத் தனியாக இருபது. அந்த இருபதை அவன் கொடுத்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

அங்கிருந்து இரண்டு வழிகள். மரங்களுக்குள் நடைபாதை மூன்று கிலோமீட்டர். சுற்றிப் போகும் ஜீப் பாதை ஐந்து. இரண்டும் ஓடைக்கரையில் சேரும். தேக்கு, ஈட்டி, வேங்கை என்று வானத்தை மறைக்கும் மரங்கள். நானோ ஜீப் பாதையில் சைக்கிள் மணி கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது அவன் தலை துவட்டிக்கொண்டிருந்தான்.

“அத்தான், வந்தியளா? நான் ரெண்டு தடவ குளிச்சாச்சு.”

“ஓடையில தண்ணி மிச்சம் இருக்காலே?” என்றேன்.

முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். “என்னத்துக்கு முறைக்கிய? எறக்கத்துல நீங்க ஓட்டுங்க. நான் நடந்து வாறேன்.”

ஓட்டினேன்! இந்த வயதில் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் பலூன் கட்டியது. இருபதே நிமிடத்தில் சோதனைச்சாவடி. ஞாயிற்றுக்கிழமைக்கு என் கதை தயார் என்று காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து தாசையன் ஓடிவந்தான்.

“அத்தான், இருவாட்சி! ரெண்டு! தலைக்கு மேல பறந்துது. செறகுச் சத்தம் ரயிலு போற மாதிரி. காலைல அந்த வழியாத்தான வந்திய, பாத்தியளா?”

நான் பார்க்கவில்லை. இருபது வருடமாகப் பார்க்க நினைத்த பறவை அது.

“சைக்கிளெல்லாம் சும்மா அத்தான். ஞாயித்துக்கிழம இதச் சொல்லப் போறேன் பாருங்க” என்றான்.

போக நினைப்பவர்களுக்கு: முந்தின நாளே வனத்துறையில் அனுமதி உண்டா என்று கேளுங்கள். அட்டை கடித்தால் ஒற்றியெடுக்க, உப்பு முடிந்த துணி எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் ஜீப் பாதை வழுக்கும். நடக்கும்போது சைக்கிளை நினைக்காதீர்கள், மேலே பாருங்கள்.

இன்று சனிக்கிழமை. காலையில் எழுத உட்கார்ந்தவன், மத்தியானச் சோறு ஆறிய பிறகுதான் முடிக்கிறேன். சபை வாட்ஸ்அப் குழுவில் இன்றே இதைப் போடுகிறேன். இருவாட்சியைப் பார்த்தது தாசையன். முதலில் சொன்னது நான்.