ஏழு நார்வேப் பெண்களும் அக்காவின் குறட்டையும்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, சென்னை சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய அக்கா வீட்டில், என் இடது கால் சுண்டுவிரலைக் கவனித்தபடி படுத்திருப்பேன். கவனிக்கச் சொல்பவர் நார்வேயில் இருக்கும் பயிற்சியாளர் இங்குன். அவர் குரல் லேப்டாப்பில் வரும். பதினெட்டு வருடங்களாக நான் அந்நாட்டின் பெர்கன் நகரவாசி. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து, மூன்று மாத ஓய்வுக்கு ஊர் வந்திருந்தேன். நோய் போயிருந்தது, அசதி போகவில்லை. தோசைக் கரண்டியைத் தூக்கினாலே கை ஓய்ந்துவிடும், ஆனால் தூக்கம் வராது. அதற்காக அங்குள்ள மருத்துவமனை ஏற்பாடு செய்த மைண்ட்ஃபுல்னெஸ் என்ற மனக்கவனப் பயிற்சி இது. என்னோடு ஏழு பெண்கள், எல்லோருமே புற்றுநோயைக் கடந்தவர்கள்.

பெர்கனில் என் கீழ்வீட்டுக்காரர், மாடிப்படியில் தும்மியதற்கு மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்டவர். அந்த நிசப்தத்திலும் நான் விழித்தே கிடந்தேன். இங்கே பஸ் ஹாரன், மிக்ஸி, தண்ணீர் லாரி. சத்தங்கள் வந்து போகட்டும் என்பார் இங்குன். வந்தன, போகவில்லை.

எஸ்தர் அக்கா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். நார்வேஜியன் தெரியாது. எல்லோரும் கண்ணை மூட, ஒரு பெண் தாழ்ந்த குரலில் பேச, முடிவில் மணி ஒலிப்பதைப் பார்த்து, இது ஜெபக்கூட்டம் என்று தீர்மானித்துவிட்டாள். முக்காடிட்டு என் பக்கத்தில் வந்து படுத்தாள். மணி ஒலித்ததும் "ஆமென்" என்றாள். அடுத்த வாரம் நார்வேயிலிருந்தும் இரண்டு ஆமென்கள் வந்தன. எங்கள் ஊர் மரியாதை என்று நினைத்திருப்பார்கள்.

மூன்றாவது வாரம் அக்கா குறட்டை விட்டாள். கேமராவில் மின்விசிறி மட்டும்தான் தெரிந்தது. தூங்கியது நான்தான் என்று இங்குன் மகிழ்ந்து போனார். மறுக்க வெட்கமாக இருந்தது. இரண்டு வாரங்கள் வகுப்பிலேயே முதல் மாணவியாக இருந்தேன்.

ஐந்தாவது வாரம் தூரிட் என்ற பெண் அழுதாள். எல்லோரும் தேறுகிறார்கள், தான் மட்டும் தோற்றுவிட்டதாகச் சொன்னாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் குறட்டை என் அக்காவுடையது, அவளுக்கு எந்த நோயும் இல்லை, நானும் தூங்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.  பிறகு தூரிட் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உங்கள் அக்கா அடுத்த வாரமும் வருவாரா என்று கேட்டாள். அந்தக் குறட்டையைக் கேட்டபோதுதான் அவள் கொஞ்சம் கண்ணயர்ந்தாளாம். அடுத்த வகுப்பில் மூச்சுக்குப் பதில் அக்காவின் குறட்டையைக் கவனிப்போம் என்று இங்குன் முழு மனதோடு அறிவித்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. மறுவாரம் தலை சீவி, சர்ச்சுக்குக் கட்டும் புடவையில், பலகை போல் படுத்தாள். எட்டுப் பெண்கள் குறட்டைக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. என்ன ஆச்சு என்று மெல்லக் கேட்டேன்.

"உனக்கு இந்த வியாதின்னு போன்ல சொன்னியே, அன்னையிலேர்ந்து எனக்கு ராத்திரில தூக்கமே இல்லடி. இங்க நீ பக்கத்துல மூச்சு விடுறது காதுல விழுது பாரு, அப்பதான் கண்ணு அசருது. இன்னிக்கு நீ மூச்சப் புடிச்சிட்டுல்ல கெடக்குற."

தமிழ் புரியாத ஏழு பேரும் இதையும் பயிற்சியின் ஒரு பகுதி என்று எண்ணி மிகப் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்களில் யார் முதலில் தூங்கினோம் என்று தெரியாது.

மணி ஒலித்தது. மெதுவாக உங்கள் அறைக்குத் திரும்பி வாருங்கள் என்றார் இங்குன், நார்வேஜியனில். திரும்பலாம்தான். கதவு வலது பக்கமா இடது பக்கமா, வெளியே மழையா வெயிலா, பெர்கன் அறையா சேலையூர் அறையா என்று பிடிபடவில்லை. பிடிபடும்வரை கண்ணைத் திறக்காமல் அப்படியே கிடந்தேன்.