அம்மா அவளுக்கு நடந்து காட்டிய வீடு

அந்தப் பாலஸ்தீனக்காரியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவளுடைய முகமல்ல. தையற்காரர்கள் துணியில் கோடு போடும் தட்டையான வெள்ளைச் சோக்குத் துண்டு ஒன்றை எந்நேரமும் கைக்குள் பொத்தி வைத்திருப்பாள், அதுதான். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், பழைய தொழிற்சாலை ஒன்றின் மேல்மாடியைப் பலகை அடித்துப் பிரித்து ஓவியர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். எங்கள் அறையில் நானும் அவளும். நான்தான் முதலில் வந்தவள். ஆனாலும் ஜன்னல் பக்கம் எப்படியோ அவளுக்குப் போய்விட்டது. அந்த எரிச்சலில்தான் எங்கள் பழக்கமே தொடங்கியது.

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லவேண்டும். நிலத்தில் பெரிய கன்வஸ் துணியை விரிப்பாள். வீட்டை இழந்த ஒருவரைக் கூட்டிவந்து, சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, ‘உங்கள் வீட்டுக்குள் நடந்து காட்டுங்கள், பேசவேண்டாம்’ என்பாள். அவர்கள் நடக்க நடக்கப் பின்னாலேயே குனிந்துபோய் அந்தக் காலடிகளைச் சோக்கால் கோடாக்குவாள். பிறகு வாரக்கணக்காக இருந்து, பாலஸ்தீன ஊர்ப் பெண்களின் சட்டைகளில் வரும் சிவப்புக் குறுக்குத் தையலால் அந்தக் கோடுகளைத் தைப்பாள். முதலில் நடந்து காட்டியது லூயிஷாமில் இருந்த அவளுடைய அப்பா. அதே வீட்டை ஜோர்தானில் அம்மான் நகரத்தில் இருந்த அத்தை வேறுவிதமாக நடந்தாராம். அப்பாவின் படிக்கட்டு வாசலுக்கு வலப்பக்கம், அத்தையின் படிக்கட்டு இடப்பக்கம். இவள் இரண்டையும் ஒரே துணியில் தைத்தாள். எது சரி என்று கேட்டேன். இரண்டு பேரும் அந்தப் படிகளில் ஏறி இறங்கியவர்கள், தான் ஏறியதில்லை, திருத்துவதற்குத் தான் யார் என்று கேட்டாள். நல்ல பதில். அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அவள் லண்டனில் பிறந்தவள். அப்பாவின் ஊரை ஒரு நாளும் கண்டதில்லை, இப்போது போய்ப் பார்க்கவும் அங்கே ஒன்றும் மிச்சமில்லை. நானோ யாழ்ப்பாணத்தில் பத்து வயதுவரை மண் அளைந்து விளையாடியவள். பனையும் தேரும் கடலும் வரைந்து வரைந்து என் கை ஓய்ந்துபோனது. கண்காட்சிக்கு வருகிறவர்கள் என் படங்களைப் பார்த்து ‘என்ன அழகான நிறங்கள்’ என்பார்கள். அவளுடைய துணிக்கு முன்னால் போய் வாயடைத்து நிற்பார்கள். ஊரையே காணாதவளுக்கு இவ்வளவு ஊரா என்று எனக்கு வயிறு எரியும். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே எரியும்.

எனக்கு ஊர் வெறும் துண்டு துண்டாகத்தான் நினைவிருந்தது. மிச்சமெல்லாம் அம்மாவிடம் இருந்தது. அம்மா தரமாட்டார். கிணறு எந்தப் பக்கம், மாமரம் எங்கே நின்றது, எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “உதெல்லாம் இப்ப என்னத்துக்கு? போய்ச் சாப்பிடு.” முப்பது வருடமாக இதைக் கேட்டுக்கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. என் படங்களில் ஏதோ இல்லாமல் இருந்ததென்றால் அது அம்மாவின் வாய்க்குள்தான் இருந்தது. எனக்கு அது வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் விம்பிள்டன் பிள்ளையாரிடம் போய்விட்டு வரும்வழியில் அம்மா எங்கள் அறைக்கு வருவார். வடைப் பொட்டலத்தை முதலில் நீட்டுவது அவளுக்கு. “பாவம், அந்தப் பிள்ளை மெலிஞ்சு போச்சுது.” நான் மட்டும் என்ன, கொழுத்தா போனேன்? ஒரு வெள்ளிக்கிழமை நான் தூரிகை கழுவிவிட்டு வருகிறேன், அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு விரித்த துணியின் ஓரத்தில் நிற்கிறார். அவள் என்ன கேட்டாளோ, எந்த இங்கிலீசில் கேட்டாளோ, எனக்குத் தெரியாது.

அம்மா நடந்தார். வாசல் படலையின் கொழுக்கியைக் கழற்றக் கையை நீட்டினார். அடுப்பு இருந்த குசினியின் தாழ்ந்த நிலைக்குத் தலையைக் குனிந்தார். கிணற்றடி வந்ததும் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, வழுக்கும் என்று அவளுக்குத் தமிழிலேயே சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். எனக்கு முப்பது வருடம் கிடைக்காத வீடு ஒரு அந்நியப் பெண்ணுடைய சோக்குக்குக் கீழே அரை மணித்தியாலத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

ஆனால் ஒன்றைக் கண்டேன். விறாந்தையிலிருந்து உள்ளே போகும்போது அம்மா முன்னறைக்குள் நுழையவில்லை. அப்படி ஒரு அறையே இல்லாததுபோலக் கடந்து போனார். அது அண்ணாவின் அறை. ஷெல் விழுந்த அன்று அண்ணா அதற்குள் படித்துக்கொண்டிருந்தான். அவனைப் புதைத்த பிறகுதான் நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். பாலஸ்தீனக்காரிக்கு இது தெரியாது. ‘உன்னுடைய துணியில் ஒரு அறை குறையுதடி, கெட்டிக்காரி’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கண்காட்சி வரட்டும், சனத்துக்கு முன்னால் சொல்லுவேன் என்று வைத்திருந்தேன்.

கண்காட்சியில் அம்மாவின் வீடு சிவப்புத் தையலாக ஒரு சுவர் முழுக்கத் தொங்கியது. பார்த்தவர்கள் எல்லாரும் அதற்கு முன்னால்தான் நின்றார்கள். அவள் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். அறை குறைவதைச் சொல்ல நான் அவளுக்குக் கிட்டப் போனேன். முதலில் அம்மாவைக் கேட்போம் என்று அடக்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கேட்டேன்.

“முன்னறைக்குள்ள ஏன் போகேல்லை, அம்மா?”

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார்.

“அந்தப் பிள்ளைக்கு உன்ர அண்ணாவைத் தெரியாது. அவளோட நடக்கேக்க அது சும்மா நான் பிறந்து வளர்ந்த வீடு. உன்னோட நடந்தா அந்த அறைக்குள்ளயும் போகவேணும். எனக்கு ஏலாது, பிள்ளை.”

அம்மா என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இறங்கும்வரை விடவில்லை.

அறை குறைவதை நான் அவளுக்கு இன்றுவரை சொல்லவில்லை. அவள் இப்போது பெரிய ஆள். அந்தத் துணி ஊர் ஊராகப் போகிறதாம். போகட்டும். எனக்குப் பொறாமை குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. அவளுக்குக் கிடைத்த வீட்டில் அண்ணா சாகவில்லை. அம்மாவோடு அந்த வீட்டுக்குள் சிரித்துக்கொண்டு நடக்க அவளால் முடிந்தது. மகளாய்ப் பிறந்த என்னால் ஒருநாளும் முடியாது.