தம்பட்டத் தோட்டத்தில் தேயிலை விளைந்த கதை

சமீபத்தில் ஒரு கம்ப்யூட்டர் என்னை நன்றாக ஏமாற்றியது. நான் மட்டும் ஏமாந்திருந்தால் மூச்சு விட்டிருக்க மாட்டேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய் ஏமாந்தேன்!

என்னைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும் — புக்கிட் பெலண்டோக் பக்கம் தம்பட்டத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் நூலகப் பொறுப்பாசிரியை. நூலகம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துவிடாதீர்கள். பாதி வகுப்பறை, ஆறு அலமாரி, மூன்று கம்ப்யூட்டர். அந்த மூன்றில் ஒன்று, அதற்கு மனசு வந்தால்தான் வேலை செய்யும்.

மாவட்ட அளவில் மாணவர்களுக்கு ஓர் ஆய்வுப் போட்டி வந்தது. தலைப்பு, 'நான் வாழும் இடம்'. எங்கள் பள்ளியிலிருந்து ஹேமஷ்ரீ, கீர்த்தனா. இருவரும் தோட்டத்துப் பிள்ளைகள்.

அதற்கு முந்திய வாரம்தான் நான் சிரம்பானில் ஒருநாள் பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். மாணவர் ஆய்வுக்கு உதவும் இணையக் கருவிகள் பற்றிய பயிற்சி. வீட்டுக்குப் புது மிக்சி வந்தால் கையில் கிடைப்பதெல்லாம் சட்னி ஆகும் இல்லையா? அந்த வேகத்தில் இருந்தேன் நான்.

கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் செயலி ஒன்றைத் திறந்து கொடுத்தேன். "தம்பட்டத் தோட்டத்தின் வரலாறு என்ன?" என்று பிள்ளைகள் தட்டினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் பதில்.

அந்தக் காலத்தில் தம்பட்டம் அடித்துத் தொழிலாளர்களை வேலைக்கு அழைத்ததால் இந்தப் பெயர் வந்ததாம். மலைச்சாரலில் அமைந்த இந்தத் தோட்டம் தேயிலைக்குப் புகழ்பெற்றதாம். அருகில் உள்ள அருவியைக் காணச் சுற்றுப்பயணிகள் குவிகிறார்களாம்!

நான் புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டே ஒரு பார்வை பார்த்தேன். அடடா, என்ன தமிழ்! ஓர் ஒற்றுப்பிழை இல்லை. "நல்லா இருக்கும்மா, எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஹேமஷ்ரீ மெதுவாகக் கேட்டாள். "டீச்சர்... அருவி எங்க டீச்சர் இருக்கு? எங்க வீட்டுக்குப் பின்னால லோங்காங்தான ஓடுது?"

லோங்காங் என்றால் சாக்கடை. மழைக்குப் பொங்கும்; சுற்றுப்பயணிகள் வந்ததில்லை.

நிமிர்ந்து சன்னல் வழியாகப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை. அதற்கு முன் ரப்பர். தேயிலை இங்கே டீத்தூளாக மட்டும்தான் வந்திருக்கிறது!

செயலியில் ஆங்கிலத்தில் கேட்டோம், மலாயில் கேட்டோம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கதை. கீர்த்தனாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்போ நம்ம தோட்டத்தப் பத்தி யாருக்குமே தெரியாதா டீச்சர்?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. போட்டிக்கு எட்டு நாள்தான் பாக்கி. அதைவிட, தம் இடத்துக்குக் கதையே இல்லை என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால்?

இடைவேளையில் சிற்றுண்டிச்சாலைக்குப் போனோம். நடத்துபவர் லெட்சுமி அக்கா. அறுபதைத் தாண்டியவர், இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். மீகூன் சேமியாவைக் கிளறிக்கொண்டே சிரித்தார்.

"தம்பட்டமும் இல்ல, மேளமும் இல்ல டீச்சர். அது வெள்ளக்காரன் பேருலா! டன்பர்ட் எஸ்டேட். எங்க ஆளுங்க வாயில தம்பட்டம் ஆயிருச்சி."

"எப்படி எழுதுவாங்க அக்கா?"

"அதெல்லாம் ஆபீஸ் கிராணிக்குத்தான் தெரியும். இருங்க, என் சூராட் பெரானாவுல இருக்கும்."

மறுநாள் தம் பிறப்புப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் — டன்பர்ட்!

பயிற்சியில் காட்டிய இன்னொரு தளம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பழைய ஆங்கில நாளிதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் காப்பகம். பத்திரத்தில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தட்டினோம். ரப்பர் விலை... புது மேனேஜர்... தொழிற்சாலையில் தீ... எல்லாம் இரண்டு வரிச் செய்திகள். பிள்ளைகளுக்கோ புதையல்!

ஹேமஷ்ரீ அடுத்த பக்கத்தைத் திறந்தாள். பள்ளிகளுக்கு இடையிலான ஓட்டப்பந்தயம். மங்கலான ஒரு படம். காலில் சப்பாத்து இல்லாத ஒரு சிறுமி, நெஞ்சால் நாடாவை அறுத்துக்கொண்டு பறக்கிறாள். கீழே டன்பர்ட் எஸ்டேட் பள்ளி என்று போட்டு ஒரு பெயர். ஹேமஷ்ரீ எழுத்துக்கூட்டினாள். "லெ... ட்... சி... மி..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நொடி, "டீச்சர், நம்ம கேண்டீன் அக்கா!" என்று ஒரு கத்தல். நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்று எழுதி ஒட்டியிருப்பது நான்தான். அன்று நானும் சேர்ந்து கத்தினேன்.

அச்செடுத்துக்கொண்டு ஓடினோம். லெட்சுமி அக்கா கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தார்.

"நான்தான்..." என்றார் கடைசியில். "ஓடுனேன், ஜெயிச்சேன், ஒரு டம்ளர் குடுத்தாங்க. படம் புடிச்சது தெரியாதே டீச்சர்! இங்கிலீஸ் பேப்பர்லாம் மேனேஜர் பங்களாவுக்கு மட்டுந்தான வரும்."

இத்தனை வருடம் இந்த அக்காவிடம்தான் நாசி லெமாக் வாங்கித் தின்கிறோம். யாராவது கேட்டோமா, சின்ன வயசில் என்ன செய்தீர்கள் என்று?

பிறகு அவர் விரல் படத்தின் ஓரத்துக்குப் போனது. இரண்டாவதாக ஓடி வரும் சிறுமி. "இவ மாரியாயி. என் கூட்டாளி. தோட்டத்த வித்தப்ப இவ குடும்பம் பகாங் பக்கம் போயிருச்சி. அப்புறம் பாக்கவே இல்ல."

போட்டியில் பிள்ளைகள் முதலில் அருவிக் கதையைத் திரையில் காட்டி, "இதை நம்புறீங்களா?" என்று நடுவர்களையே கேட்டார்கள். அடுத்து பிறப்புப் பத்திரம், அதற்கடுத்து அந்தப் படம். அரங்கமே கைதட்டியது. இரண்டாம் பரிசு!

எனக்குக் கிடைத்த பாடம் இதுதான். 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல வராதவர்களை — ஆளோ, மெஷினோ — அவர்கள் பேச்சழகுக்காக நம்பிவிடக் கூடாது. அவர்கள் சொல்வதை வைத்துக்கொண்டு இன்னும் நாலு இடத்தில் தட்டிப் பார்க்க வேண்டும். அதில் ஓர் இடம் சிற்றுண்டிச்சாலையாகவும் இருக்கலாம்.

திங்கட்கிழமை இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகு, நூலக வாசலில் ஒரு நிழல். லெட்சுமி அக்கா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கம்ப்யூட்டர் முன்னால் நேராக உட்கார்ந்தார்.

"டீச்சர், இதுல மாரியாயியத் தேட எங்க அமுக்கணும்?"