கழுத்து வைத்த மனிதன்

ஒன்னோ டைல்ஸ் போடுகிறவன். அவன் வேலையைக் குறை சொல்ல எம்டன் ஊரில் ஆள் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைக் கீழே வைக்க மாட்டான் என்பதுதான் எனக்குத் தலைவலி.

நாலு வயதில், நான் டீச்சராக இருக்கும் பாலர் பள்ளியில் மணலைத் தின்றுகொண்டிருந்தவன். ஆறு வயதில், பள்ளி டாக்டர் இன்னும் பக்குவம் வரவில்லை என்று ஒரு வருஷம் நிறுத்திவைத்துவிட்டார். கூட்டாளிகள் முதல் நாளுக்கென்று கொடுக்கும் மிட்டாய் நிறைந்த கூம்புப் பையை அணைத்துக்கொண்டு பெரிய பள்ளிக்குப் போக, இவன் மட்டும் எங்கள் வேலிக்குப் பின்னால் நின்றான். நாற்பதை நெருங்கும் இந்த வயதிலும் அந்த வேலி அவன் நெஞ்சை விட்டுப் போகவில்லை. மகன் ரெம்மர் அங்கே நிற்கக் கூடாது. அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ரெம்மருக்கு ஐந்தரை வயது, இப்போது எங்களிடம்தான் இருக்கிறான். பெரிய பள்ளிக்கு அனுப்பலாமா என்று பார்க்க டாக்டர் வந்தால், 'ஒரு ஆளை வரை' என்பார். ரெம்மர் வரையும் ஆளுக்கு ஒரு பெரிய தலை, தலையிலிருந்தே இரண்டு கால்கள். உடம்பே கிடையாது.

"என்ன கெசீனா இது? உருளைக்கிழங்குக்குக் கால் முளைச்ச மாதிரி! கழுத்து எங்க?" என்று என்னிடம் பாய்ந்தான் ஒன்னோ.

"வரும்டா. எல்லாப் பிள்ளையும் முதல்ல கிறுக்கும், அப்புறம் வட்டம் போடும். வட்டத்துக்குக் கண்ணு, காலு முளைக்கும். உடம்பு அதுக்கப்புறம்தான். நீயும் இப்படித்தான் வரைஞ்சே."

"அதனாலதான் என்னைப் பிடிச்சு வெச்சாங்க!"

இவனிடம் என்ன பேசுவது?

அந்த வாரமே ரெம்மர் ஒரு காரியம் செய்தான். இரண்டு கால்களுக்கும் நடுவில் இடம் விட்டு, அங்கே மூன்று பொத்தான்களை வைத்தான். உடம்பு வந்துகொண்டிருந்தது! எத்தனை பிள்ளைகளிடம் பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதே இல்லை. சாயங்காலம் மகனைக் கூட்டிப்போக ஒன்னோ வந்ததும் ஓடிப்போய்க் காட்டினேன்.

"பொத்தான் அந்தரத்துல தொங்குது," என்றான். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பொத்தான்களைச் சுற்றி நேர்க்கோட்டில் ஒரு பெட்டி போட்டான். "இங்க பாருடா, இதுதான் உடம்பு."

"கொஞ்ச நாள் விட்டா அவனே போட்டிருப்பான்டா, மடையா!"

"டாக்டர் அடுத்த வாரமே வர்றாங்க." அதற்கும் பதில் வைத்திருந்தான்.

அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில், ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் நடுவே பாடம் நடந்தது. டைல்ஸ் அட்டைப்பெட்டியின் பின்பக்கம்தான் தாள். தலை, கழுத்து, தோள், கைக்கு ஐந்து விரல். கொஞ்சம் கோணினால் ரப்பர். அவன் மனைவி வீப்கே ரொட்டிக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை தூக்கத்துலகூட விரலை எண்ணுறான் கெசீனா," என்றாள். "அவன்கிட்ட சொல்லேன்டி!" என்றேன். "நீங்க சொல்லியே கேக்கல," என்றாள்.

காலையில் என்னிடம் வரைய உட்கார்ந்த ரெம்மர் கோட்டுக்குக் கோடு நிமிர்ந்து, "இது சரியா?" என்று கேட்டான். அதற்கு முன் ஒரு நாளும் அவன் அப்படிக் கேட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் வந்தார். பெஞ்சில் ரெம்மர், பக்கத்தில் நான். வெளியே, பிள்ளைகள் செருப்பு மாட்டும் குட்டை மணையில் ஒன்னோ முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தான்.

ரெம்மர் தயங்கவே இல்லை. தலை, கழுத்து, தோள், விரல்கள். டாக்டருக்கு ஒரே சந்தோஷம்.

"அடடே, அழகா இருக்கே! பக்கத்துல அம்மாவையும் போடேன்."

ரெம்மர் பென்சிலைக் கீழே வைத்தான். "அது இன்னும் சொல்லித் தரல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஒற்றைக் காலில் குதிப்பது, எண்ணுவது, காது, கண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பெரிய பள்ளிக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

ஒன்னோ மகனைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். "பாத்தீங்களா கெசீனா!" அவன் கண் கலங்கியிருந்தது. பாழாய்ப்போனவன், எனக்கும் மனசு இளகிவிட்டது.

"நான் பாஸாப்பா?" என்று மேலேயிருந்து கேட்டான் ரெம்மர்.

"பாஸுடா, என் ராஜா!"

"அப்ப, இனிமே நான் வரையவே வேண்டாம்ல?"

ஒன்னோ அவனை மெல்லக் கீழே இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான். அவனைத் திட்ட எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அதற்குப் பதில் அவன் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.