நடிக்கவில்லை என்றார் டாக்டர்

மாதா கோயில் பூசையில் முழங்காலிட்டவர்கள் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நான் மட்டும் எழ மாட்டேன். வெளியூர்க்காரர்கள் அதைப் பக்தி என்று நினைத்திருக்கலாம். நானோ தொடையை இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்கி, எழுந்து தொலைக்க முடியாமல் கூனிக் குறுகிக்கொண்டிருப்பேன். பல தரம் முயன்ற பிறகு எங்கிருந்தோ பலம் வரும். சாமியார் கொடுக்கும் நன்மை அப்பத்தை வாங்க விறுவிறுவென்று நடப்பேன்.

அதுவே வம்பாகப் போயிற்று. "எழுந்திரிக்க முடியலங்கறீங்க, அப்புறம் இந்த வேகத்துல போறீங்க. நல்லா நடிக்கிறீங்க அண்ணி" என்று நாத்தனார் கோயில் வாசலிலேயே சிரித்தாள். என் கணவர் அவளை அதட்டவில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அதைவிடக் கேவலம், அவள் சொல்வது சரிதானோ என்று எனக்கே சந்தேகம். நிஜமாகவே முடியாதவளுக்குக் கொஞ்ச நேரத்தில் எப்படி முடிகிறது?

எலும்பு தேய்ந்திருக்கும் என்று பாபநாசம் மருந்துக்கடையில் கணவர் வாங்கி வந்த கால்சியம் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினேன். ஒரு பயனும் இல்லை. கடைசியில் தஞ்சாவூருக்கு, நரம்பு டாக்டரம்மாவிடம் போனோம்.

அவர் சின்னச் சுத்தியலால் என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் மரக்கட்டையாகத் தொங்கியது. "காலை நல்லா நீட்டி, இறுக்கிப் பிடிங்க" என்றார். கொஞ்ச நேரம் பிடித்தேன். விட்டதும் மறுபடி தட்டினார். கால் துள்ளியது.

"தசையை வேலை செய்யச் சொல்ற ரசாயனம், நரம்போட நுனியில குட்டிக் குட்டிப் பையில இருக்கும்மா. கால்சியம் உள்ளே நுழைஞ்சாதான் அந்தப் பை திறக்கும். கால்சியம் நுழையிற வழியை உங்க உடம்பே கெடுத்து வச்சிருக்கு. திரும்பத் திரும்ப முயற்சி பண்ணுறப்ப, கொஞ்சம் கொஞ்சமா உள்ளே சேர்ந்து பலம் வருது."

"மாத்திரை சாப்பிட்டும் சரியாகலைங்களே?" என்றார் என் கணவர்.

"ரத்தத்துல கால்சியம் குறையலைங்க. வழிதான் சரியில்லை. இவங்க நடிக்கல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சில பேருக்கு நுரையீரல்ல புற்றுநோய்க் கட்டி இருந்தா இப்படி வரும். எல்லாருக்கும் இல்ல. ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்."

வெளியே வந்ததும் நாத்தனாருக்குப் போன் போட்டேன். "நான் நடிக்கலயாம். டாக்டரே சொல்லிட்டாங்க!" கல்யாண வீட்டுக்காரி மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

"அப்ப என்னவாம் அண்ணி?"

பதில் சொல்ல வாயெடுத்தபடி திரும்பினேன். பெஞ்சில் என் கணவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன்.