மூசையில் விழுந்த தோடு

காஜாக்காரியின் புருஷனுக்குப் பகலில் ஒரு தொழில், வீட்டுக்கு வந்தால் அதற்கு நேர் எதிரான தொழில். பகலில் முலாம் பட்டறையில் பித்தளை வளையல்களைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, மின்சாரம் பாய்ச்சி, மேலே தங்கம் பூசுவார். சாயங்காலம் வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் உலை மூட்டி, ஈயத்தை உள்ளும் புறமும் தங்கமாக்க உட்கார்ந்துவிடுவார். ஊருக்கெல்லாம் பொய்த் தங்கம் செய்து கொடுத்ததற்கு முலாம்காரர் வீட்டில் பிராயச்சித்தம் தேடுகிறார் என்று தெருவில் கேலி பேசினார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, புகை அவர்கள் வீட்டுக்குள்ளா வந்தது?

அவள் தையல் கடைச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பவள். பொத்தான் துளையின் ஓரம் பிரியாமல் நூலை நெருக்கிப் போட வேண்டிய வேலை. அவள் போட்ட காஜா, சட்டை கிழிந்தாலும் பிரியாது என்று தையல்காரர் சொல்வார். கட்டிய இடத்தில் பிரியாமல் கிடப்பது அவள் சுபாவத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

முலாம்காரர் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். இந்த இரண்டையும் சொல்லிச் சொல்லியே உறவுக்காரர்கள் அவள் வாயை அடைத்தார்கள். அவருக்கோ வாய் நிறைய தத்துவம். பூமிக்குள் இருக்கிற எல்லா உலோகமும் தங்கமாகப் பழுக்கத்தான் பார்க்கிறதாம். ஈயம் என்பது இன்னும் பழுக்காத காயாம். மண் யுகக்கணக்கில் செய்வதைப் பாதரசமும் கந்தகமும் நெருப்பும் சேர்ந்தால் சீக்கிரமே செய்துவிடுமாம். பழைய ரசவாதிகள் பொருளை மட்டும் மாற்றவில்லை, தங்களையும் சேர்த்துப் புடம் போட்டுக்கொண்டார்கள் என்பார்.

"மனசுல அழுக்கு இருந்தா மூசையில தங்கம் வராது" என்பார். மூசை என்பது உலோகம் உருக்குகிற மண் கிண்ணம். அதில் ஒன்றும் வராத நாளெல்லாம் அழுக்கு யாருடையது என்று தேட அவர் வெகு தூரம் போனதில்லை. "நீ முணுமுணுத்துக்கிட்டே இருந்தா எப்படி வரும்?" என்று அவள் பக்கம் திரும்புவார். எவ்வளவு சௌகரியமான ஞானம் பாருங்கள்!

அவர்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயதில் குழந்தைக்கு இருமல் வந்தது, அப்புறம் பென்சில் பிடிக்கிற கை நடுங்கியது. டாக்டர், வீட்டில் என்ன எரிக்கிறீர்கள் என்று கேட்டார். காஜாக்காரி சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பாதரசப் புகையில் குழந்தையை வைத்திருக்காதே என்று கத்தினார். அன்றைக்கே அவளுடைய அக்கா வந்து, குழந்தையின் துணிமணிகளை ஒரு பைக்குள் திணித்தாள்.

"அந்த அடுப்பு அணையற அன்னைக்கு வந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் எங்க வீட்டு வாசல்ல நின்னு அழாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள் அக்கா. பேச்சு சுள்ளென்றுதான் இருந்தது, ஆனால் தப்பில்லை.

காஜாக்காரி புருஷன் காலில் விழாத குறை. அவரும் உருகித்தான் போனார். "ஒரே ஒரு தடவை கண்ணால பாத்துட்டேன்னா போதும். பிள்ளை மேல சத்தியமா அன்னைக்கே மூடிடறேன்" என்றார். அந்தச் சத்தியத்தைத்தான் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டில் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் புரொபசர். அவரிடம் போய், இதெல்லாம் நடக்குமா என்று கேட்டாள்.

"உலையில நடக்காதும்மா. ஆனா அவங்களைச் சும்மா சிரிச்சு ஒதுக்கவும் முடியாது. அமிலம் இறக்கறது, காய்ச்சி வடிக்கறது எல்லாம் இந்தப் பைத்தியக்காரங்க தட்டுத் தடுமாறிப் பழகினதுதான். அதுல ஏமாத்துக்காரங்களும் இருந்தாங்க. கிளறுற குச்சியில ஓட்டை போட்டு, உள்ள தங்கத்தூள் அடைச்சு, மெழுகால மூடிடுவான். சூட்டுல மெழுகு உருகினா மூசைக்குள்ள தங்கம்! ராஜா வாயைப் பிளந்து பாப்பாரு. அப்புறம் குட்டு உடைஞ்சா தூக்குதான். ஒரு ராஜா தூக்குமரத்துக்கே தங்க முலாம் பூசச் சொன்னாராம்."

காஜாக்காரி வெகு நாளைக்கு அப்புறம் சிரித்தாள். வீட்டுக்கு வருகிற வழியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ராஜாக்களைக் கொள்ளையடிக்கச் செய்த வேலையை, பெற்ற பிள்ளையை மீட்கச் செய்தால் என்ன?

அவளிடம் மிஞ்சியிருந்த பொன் ஒரு ஜோடி சிவப்புக்கல் தோடுதான். மகளுக்கு என்று வைத்திருந்தாள். முலாம்காரர் கரி அள்ளத் திரும்பிய நேரத்தில் அதில் ஒன்றை மூசைக்குள் போட்டாள். ஊசியும் நூலுமாகப் பிழைப்பவளுக்கு நெருப்பைப் பற்றி என்ன தெரியும்? போட்டதெல்லாம் உருகிவிடும் என்று நினைத்தாள்.

ஈயத்தை எரித்துக் கழித்தபோது அடியில் மஞ்சளாக ஒரு மணி நின்றது. முலாம்காரர் அதை இடுக்கியால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். அப்புறம் ஓவென்று அழுதார். அவளும் அழுதாள். பாவி, அது சந்தோஷ அழுகை.

"மூடிடுங்க. நாளைக்கே போய்ப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடலாம்" என்றாள்.

"கைக்கு வந்ததை விட்டுட்டு மூடச் சொல்றியே, உனக்குப் புத்தி இருக்கா?"

"சத்தியம் பண்ணினீங்களே!"

"பிள்ளைக்காகத்தானே பண்றேன்? இன்னொரு தடவை வரட்டும்."

உண்மை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் மனுஷன் உடைந்துபோவார் என்று பயந்து விழுங்கிவிட்டாள். மறுநாள் பட்டறை முதலாளி அந்த மணியை உரைத்துப் பார்த்து, அசல் தங்கம் என்றார். அதோடு சரி, தெருவில் கேலி நின்று மரியாதை வந்தது. கேலி செய்தவர்களே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, ஒரு சூட்சுமமாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினார்கள். முலாம்காரர் பட்டறை வேலையையும் விட்டுவிட்டார். காஜா போட்ட கைதான் வீட்டுக்குச் சோறும் போட்டது, உலைக்குக் கரியும் வாங்கியது.

ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று கேட்பீர்கள். அணைய வேண்டிய நெருப்பை ஊதி வளர்த்தது தன் கைதான் என்று அவள் நம்பினாள். அதற்கப்புறம் அவள் ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை. லீவு நாட்களில் அக்கா வீட்டுக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவாள். அங்கே அக்காவின் பிள்ளைகள் இவளைச் சித்தி என்று கூப்பிட்டார்கள். கூடவே வளர்ந்த மகளும் ஒரு நாள் சித்தி என்றாள். அக்கா அதட்டினாள். காஜாக்காரி, "விடுக்கா, குழந்தைதானே" என்று சிரித்து மழுப்பினாள். அந்த வார்த்தை அப்படியே நின்றுவிட்டது.

முலாம்காரர் படுக்கையில் விழுந்தபோது பற்கள் ஆடிப்போய், கை ஒரு தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் நடுங்கியது. உலை மட்டும் அணையக் கூடாது என்றார். அவளே கரி போட்டு ஊதிக்கொண்டிருந்தாள். வெளியூரில் வேலை கிடைத்த மகள், போவதற்கு முன் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள்.

முலாம்காரர் தலையணைக்கு அடியில் துழாவி ஒரு தீப்பெட்டியை எடுத்து அவளிடம் நீட்டினார். "உனக்குன்னு வெச்சிருந்தேன்."

உள்ளே ஒரு சிவப்புக் கல் இருந்தது. காஜாக்காரிக்கு அது எந்தக் கல் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது எப்போ கிடைச்சுது?" என்று கேட்டாள்.

"அன்னைக்கேதான். கசடை உடைச்சேன், உள்ள இருந்துது. பொன்னு உருகும், கல்லு உருகுமா?"

"அப்போ... அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம?"

"ஏங்க சொல்லலை?"

அவர் கொஞ்சம்கூடக் கூசவில்லை. "சொன்னா நீ சும்மா இருந்திருப்பியா? மூட்டையைக் கட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிருப்பே. தெரியாத மாதிரி இருந்துட்டேன். நீயும் அதுக்கப்புறம் வாயே திறக்கலை. நிம்மதியா வேலை நடந்துது."

காஜாக்காரி எழுந்து பின்பக்கம் போனாள். துணி அலசிய வாளித் தண்ணீரைத் தூக்கி உலையில் கொட்டினாள். மறுபடியும் மொண்டு கொட்டினாள். உள்ளே இருந்து அவர் என்ன சத்தம், என்ன சத்தம் என்று கத்திக்கொண்டே இருந்தார். கரி சீறி அடங்கி, வீடு முழுக்க ஆவியும் சாம்பலுமாகப் பரவியது.

மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். கல் அவள் உள்ளங்கையில் இருந்தது.

"அணைச்சுட்டேன்டி. அடுப்பை அணைச்சுட்டேன்" என்றாள் காஜாக்காரி.

"சரி சித்தி, ஆனா இந்தப் புகை எனக்கு ஒத்துக்காது. நான் கிளம்பறேன், அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று சொல்லி, மகள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள்.