கண்டிக்குப் போகாதவர்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே அப்பா ஆரம்பித்துவிட்டார். நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தவர் மாத்திரையைப் பற்றிப் பேசுவார், மாடிப்படி ஏறக் கூடாது என்ற டாக்டரைத் திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"ஆத்தா, எனக்குன்னு ஒரு சாமி இல்லாமயே போயிருவேன் போல இருக்கு" என்றார். மகளான என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் ஊர் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கம். அப்பாவின் தாத்தா அந்த ஊர்க்காரர் இல்லை. மீசை அரும்புகிற வயதில் எங்கிருந்தோ வந்து, ஒரு வீட்டில் மாடு கன்று பார்த்து, பிறகு அந்த வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டவர். தாய் தகப்பன் யார் என்று கேட்டால், 'யாரும் இல்லை' என்பார். சாகும்வரை அந்த ஒரே பதில்தான். தகப்பன் தெரியாதவனுக்குக் குலதெய்வம் எப்படித் தெரியும்? அதனால் பெண் வீட்டுச் சாமியையே எங்கள் வீடும் கும்பிட்டு வந்தது. அந்தக் கோயில் திருவிழாவில் பங்காளிகள் எல்லாருக்கும் மாலை மரியாதை செய்து திருநீறு கொடுத்து முடித்த பிறகு, "மாப்பிள்ளை வீட்டாளுங்க வாங்க" என்று எங்களைக் கூப்பிடுவார்கள். தலைமுறைகள் போயும் நாங்கள் மாப்பிள்ளை வீடுதான். அவமதிப்பு ஒன்றும் இல்லை, மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். அந்த மரியாதைதான் அப்பாவை அரித்துக்கொண்டிருந்தது. அவருக்கு நான் ஒரே பிள்ளை, அதுவும் கட்டிக்கொடுத்த பெண். அவரோடு எங்கள் வழி முடிகிறது. அதற்குள் தன் தாத்தாவைப் பெற்றவர்கள் யார், அவர்கள் எந்தச் சாமிக்குத் தேங்காய் உடைத்தார்கள் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

எனக்குச் சாமி விஷயத்தில் பெரிய பிடிப்பு கிடையாது. ஆனால் நான் கணக்கு வாத்தியார். விடை வராத கணக்கைப் பாதியில் விட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. கோடை விடுமுறை வேறு. பீரோவின் அடித்தட்டில் துணியில் சுற்றிக் கிடந்த பழைய பத்திரங்களை அன்று மத்தியானமே அவிழ்த்துவிட்டேன். "இனி இவ காலு வீட்டுல தங்காது" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டுத் தானே சோறு வடிக்கப் போனார்.

பழைய பத்திரத்தில் ஒரு சௌகரியம் உண்டு. வாங்குகிறவரோ விற்கிறவரோ, 'இன்னார் மகன் இன்னார்' என்று எழுதாமல் ஒரு வரி நகராது. அப்பாவின் தாத்தா முந்திரித் தோப்பு வாங்கிய பத்திரம் அதில் இருந்தது. பிரித்தேன். 'இன்னார் மகன்' என்ற இடத்தில் மாமனார் பெயர் இருந்தது. எழுதுகிறவர் தகப்பன் பெயரைக் கேட்டிருப்பார், இவர் சோறு போட்டவர் பெயரைச் சொல்லியிருப்பார். நியாயம்தான். ஆனால் எனக்கு அந்த மனுஷன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பதிவு அலுவலகத்தில் மற்றப் பத்திரங்களுக்கு நகல் போட்டு வாங்கினேன். எல்லாவற்றிலும் அதே மாமனார். ஆவூர்த் தேர்த் திருவிழாவுக்கு வந்து வழிதவறிய பையன் அவர் என்று ஊரில் ஒருவர் சொன்னார். அந்தப் பேச்சை நம்பி ஆவூருக்கும் போனேன். கோயில் அலுவலகத்தில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாய் தகப்பன் பேரும் தெரியாது, வருசமும் தெரியாதுன்னா எதை வச்சுங்க தேடுறது?" என்றார். அவர் சொன்னது சரிதான் என்பதால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசியாக அறந்தாங்கியில் இருக்கும் அத்தையிடம் போனேன். அத்தை அப்பாவுக்கு அக்கா. காது மந்தம், ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய பேரன்கள் வளைகுடாவிலிருந்து அனுப்பிய பெரிய டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. பத்திரங்களை நீட்டினேன். அவர் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை.

"இதுல என்ன இருக்கப்போகுது? செத்தவுக செத்துப்போனாக. ஒங்கப்பனுக்கு வேலையில்ல, ஒனக்கு அதுக்கு மேல" என்றார்.

"உங்க அப்பத்தா ஒண்ணுமே சொன்னதில்லையா அத்தை? புருஷனோட ஊரு, அவரைப் பெத்தவுக..."

"அது எங்க பேசும்? பெத்த மகனையே பேரு சொல்லிக் கூப்பிடாது. எங்கப்பாவைப் 'பெரியதம்பி, பெரியதம்பி'ன்னுதான் கூப்பிடும். சின்ன மக்களை எல்லாம் பேரு சொல்லித்தான் வையும். மூத்த மகன்னா அம்புட்டு உசுரு."

அதற்குமேல் அவரிடம் ஒன்றும் பெயரவில்லை. காப்பி குடித்துவிட்டு பஸ் ஏறினேன். ஆலங்குடி போகும் பஸ். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, போன காசையும் போன நாளையும் நொந்துகொண்டு வந்தவளுக்குப் பாதி வழியில் மண்டைக்குள் ஒன்று குடைய ஆரம்பித்தது.

பெரியதம்பி என்பது என் தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா. வீட்டில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பத்திரத்தில் இருக்கும் பெயர் வேறு. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய மனைவி சொல்ல மாட்டார், புருஷன் பெயர். என் அம்மா சொல்ல மாட்டார், மாமனார் பெயர். அதெல்லாம் ஊர் வழக்கம், கேட்கவே வேண்டாம். ஆனால் பெற்ற தாய்க்கு மகன் பெயரைச் சொல்ல என்ன தடை? ஒரே ஒரு தடைதான் இருக்க முடியும். அது அவளுடைய மாமனார் பெயராக இருக்க வேண்டும். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது எங்கள் பக்கத்தில் மூச்சு விடுவது மாதிரி. வைத்துவிட்டு, மருமகள் அந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் பிள்ளையை வேறு பெயரில் கூப்பிடுவதும் அப்படித்தான். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள். தாத்தாவின் நிஜப் பெயரை ஏதோ வேண்டுதலுக்கு வைத்தது என்று விட்டுவிட்டார்கள்.

கண்டக்டரிடம் சொல்லி நடுவழியில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைப் பிடித்து அத்தை வீட்டுக்கே திரும்பிப் போனேன். "உங்க அப்பத்தாவுக்கு அது மாமனார் பேருதானே?" என்று வாசலில் நின்றுகொண்டே கேட்டேன். அத்தை டிவியை நிறுத்தச் சொன்னார்.

"அப்ப அந்தாளுக்கு அப்பன் பேரு தெரிஞ்சிருக்கு" என்றார்.

தெரிந்திருக்கிறது. பெண்டாட்டியிடம் சொல்லியும் இருக்கிறார். அப்பா எண்பது வயதுவரை தன் பெயருக்கு முன்னால் இனிஷியலாகப் போட்டு வந்தது அந்தப் பெயரின் முதல் எழுத்தைத்தான். பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் அவ்வளவு காலம் காப்பாற்றியதை நான் எதற்கு அவிழ்த்துவிட வேண்டும்?

அப்பாவிடம் சொன்னபோது குதித்துக் கொண்டாடுவார் என்று பார்த்தேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"இருந்துக்கிட்டே இல்லைன்னு சொன்னாரா?" என்றார். "தாயி தகப்பன் இல்லாத பிள்ளைன்னு நான் எம்புட்டு வருத்தப்பட்டிருக்கேன் அவருக்காக."

அதோடு எழுந்து தோப்புப் பக்கம் போய்விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெயர் கந்தர்வக்கோட்டைப் பக்கம் யாருக்கும் கிடையாது. அறந்தாங்கிக்குக் கிழக்கே போனால் தெருவுக்கு ஒருவருக்கு அந்தப் பெயர், ஏனென்றால் அங்கே உள்ள ஓர் ஐயனாருக்கு அதுதான் பெயர். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த ஐயனாரைக் கும்பிடுகிற ஊர்களில் சுற்றினேன். 'ரொம்ப காலத்துக்கு முன்னால வீட்டைவிட்டுப் போன பையன் யாராவது உண்டா?' என்று ஒரு பொம்பளை வந்து கேட்டால் என்ன நினைப்பார்கள்? சொத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் கதவு திறந்தே இருந்தது, தண்ணீர்தான் வரவில்லை.

கண்மாய்க்கரை ஓரம் ஒரு வீட்டில், அப்பா வயதுள்ள பெரியவர் ஒருவர் நேராகவே கேட்டார். "எடம் கிடம் கேட்டு வந்தீங்களா?"

"எங்களுக்கு முந்திரித் தோப்பு இருக்குங்க. உங்க எடம் எங்களுக்கு வேண்டாம்" என்றேன். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. ஆச்சரியம், அதற்குப் பிறகுதான் அவர் என்னை உட்காரச் சொன்னார்.

அவர் பெயரும் அதே பெயர்தான். அவருடைய தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். மாடு விற்ற தகராறில் அப்பன், அவருக்கும் அதே பெயர்தான், அடித்துவிட, கோபித்துக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாகக் கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போவார்கள்.

"இவரும் கண்டிக்குத்தான் போயிட்டாருன்னு இங்கிட்டு எல்லாரும் நெனச்சாக. அங்கிட்டு இருந்து யாரு திரும்பி வந்தாலும் அவரோட ஆத்தா போயி மறிச்சு மறிச்சு விசாரிக்குமாம். கடைசி வரைக்கும் விசாரிச்சுக்கிட்டே இருந்துச்சாம்" என்றார்.

இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும் தூரத்தில், நிலக்கடலை வெட்டி முந்திரி பொறுக்கி மக்களைப் பெற்றுக்கொண்டு ஒரு மனுஷன் இருந்திருக்கிறார். அவரைப் பெற்றவள் கடலுக்கு அந்தப் பக்கம் தேடியிருக்கிறாள். அவர்தானா இவர் என்பது நிச்சயமா? நிச்சயம் இல்லை. பெயர் ஒத்துப்போகிறது, காலம் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். வகுப்பில் இந்த லட்சணத்தில் எந்தப் பிள்ளையாவது கணக்கை நிரூபித்தால் பாதி மதிப்பெண்கூடப் போட மாட்டேன்.

அதையெல்லாம் அப்பாவிடம் விவரமாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தாத்தா விசாரிச்சுக்கிட்டே இருந்துச்சா?"

ஆடி மாதம் அந்த வீட்டில் முன்னோருக்குப் படையல். பெரியவர் போன் பண்ணி அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். கார் வைத்துப் போனோம். வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வந்தேன், இது உறுதி இல்லை அப்பா, மனசை விட்டுவிடாதீங்க, சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று. அப்பா வேட்டி மடிப்பைத் தடவிவிட்டுக்கொண்டே வந்தார்.

நடுவீட்டில் விளக்கேற்றி, செத்துப்போன முன்னோர்களுக்கு வரிசையாக இலை போட்டிருந்தார்கள். சோறு, கறிக்குழம்பு, கருவாடு, அவித்த முட்டை. அந்த வரிசையில் சேராமல் வாசல் நிலைக்குப் பக்கத்தில் தனியாக ஓர் இலை இருந்தது. கும்பிட்டு முடித்ததும் பங்காளிகள் வரிசை இலைகளில் உட்கார்ந்தார்கள். வாசல் இலையில் யாரும் உட்காரவில்லை.

பெரியவர் அப்பாவிடம் சொன்னார். "போனவர் செத்தாரா இருக்காரான்னு தெரியாதுல்ல. செத்தவுக கூட என் மகனுக்கு எலை போடக் கூடாதுன்னு அவரோட ஆத்தா சொல்லிருச்சாம். அதுல இருந்து தனியாத்தான் போடுறோம். வந்தா அவரு திங்கட்டும்னு யாரும் தொடுறதில்ல. சாயங்காலம் மாட்டுக்கு வச்சிருவோம்."

பிறகு அந்த இலையைக் காட்டி, "ஒக்காருங்கண்ணே" என்றார்.

இன்னும் உறுதியாகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா அதற்குள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மெதுவாக நிலையைப் பிடித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்காமலே சோற்றைப் பிசைந்தார். அந்த வீட்டம்மா என் தோளைத் தொட்டு, "படையல் சோறு பங்காளிகளுக்கு மட்டுந்தான் ஆத்தா. கட்டிக்குடுத்த பொண்ணுகளுக்குப் பின்னாடி தனிப் பந்தி இருக்கு, வா" என்று தணிந்த குரலில் சொன்னார். வைதுவிடலாம் போல இருந்தது. தேடி அலைந்தது நான். ஆனால் அப்பா அந்த இலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டும் சேர்ந்து நகர முடியாமல் நின்றேன்.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த அம்மா சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். ஒரு கவளத்தை உருட்டி என் பக்கம் நீட்டினார். வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். வேண்டாம் அப்பா, இப்போதுதான் கிடைத்திருக்கிறது, கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று தலையை ஆட்டினேன். அவர் கையை எடுக்கவில்லை. பெரியவர் தன் இலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

குனிந்து அப்பா கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். படையலுக்கு ருசி பார்க்காமல் சமைப்பார்கள், உப்பு கொஞ்சம் குறைவாக இருந்தது.